லிம்ஃப் என்றால் கன்னி

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாராவது எதையாவது சொல்ல வந்தால், சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொள்வேன். குன்னூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் ஓடிவந்து, தன் நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார். அது சிறுத்தையா, சிறுத்தைப்புலியா, எந்தப் பெயர் சரி என்று அவரை வாசலில் நிற்கவைத்துப் பாடம் நடத்தினேன். பாவம் மனிதர், கையில் நாயின் கழுத்துப்பட்டையோடு கேட்டுக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

என் தங்கை என்னைவிட ஐந்து வயது இளையவள். எங்கள் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தபோது நான் கைக்குழந்தை, அவள் இங்கே வந்து பிறந்தவள். நான் படித்தேன், டீச்சரானேன். அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். உண்மையில் இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது என்பதுதான் காரணம், அது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். அங்கேயே ஃபேக்டரியில் பாய்லருக்கு விறகு போடுகிறவரைக் கட்டிக்கொண்டு, எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய லயத்தில் ஒரு வீட்டில் இருந்தாள். ஒரே மகன், மஸ்கட்டில் டிரைவர். எழுத்து சம்பந்தமான எதுவாக இருந்தாலும் எனக்குத்தான் போன் செய்வாள். பேங்க் காகிதம், ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் நான் வாசித்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

போன வருஷம் சித்திரையில் ஒருநாள் போனில், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றாள்.

நெறி என்றால் எஸ்டேட்டில் பிறந்தவர்கள் யாரும் பயப்பட மாட்டார்கள். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். கையில் வெட்டுப்பட்டால் அக்குளில் கட்டும். தலையில் புண் வந்தால் கழுத்தில் கட்டும். புண் ஆறினால் அமுங்கிவிடும். கையில் வெட்டு கிட்டு இருக்கும், பார் என்றேன். கொழுந்து பறிக்கிற கையில் வெட்டு இல்லாத நாள் ஏது என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அத்தோடு போனை வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை. நெறி என்றால் வழி என்று அர்த்தம், ஒழுக்கம் என்றும் அர்த்தம், உடம்புக்குள் ஏதோ ஒரு வழி அடைபட்டால் வருகிற வீக்கத்துக்கு நம் ஆட்கள் எப்படிப் பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பார் என்று கால்மணி நேரம் பேசினேன். அகராதியில் அப்படி ஒரு விளக்கம் கிடையாது. நானாகக் கட்டியதுதான். அவள் "ஓ, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வலிக்கிறதா என்று மட்டும் நான் கேட்கவில்லை. நெறி என்றால் வலிக்கும், தொட்டால் உயிர் போகும். அதுதான் அதன் அடையாளம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது.

வைகாசியில் அவளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. தேயிலைக்கு மருந்தடித்த பக்கம் பறிக்கப் போனதால் வந்தது என்று சொல்லிக்கொண்டாள். ஆனியில் வியர்க்க ஆரம்பித்தது. கிளென்மார்கன் காற்றில் மற்றவர்கள் இரண்டு கம்பளிக்குள் நடுங்கும்போது இவள் போர்வையை உதறிவிட்டுப் படுத்தாள், காலையில் பார்த்தால் தலையணை நனைந்திருந்தது. அந்த வயசில் பொம்பளைகளுக்கு அப்படித்தான் என்றேன். எனக்கும் வியர்த்ததே. ரவிக்கை தொளதொளவென்று ஆனதைச் சொன்னபோது, அளவு பிடித்துத் தைத்துக்கொள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

ஆடியில் தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் எனக்கு போன் செய்கிறவர் இல்லை. கன்னி பிடித்திருக்கிறது, பூஜை வைத்திருக்கிறோம், வரவேண்டும் என்றார்.

எஸ்டேட் எல்லையில், சோலைக்குள்ளிருந்து ஓடை வெளியே வருகிற இடத்தில், ஏழு கல் நட்டுக் கன்னிமார் என்று கும்பிடுகிறார்கள். உச்சி வேளையில் பெண்கள் அங்கே தலையை விரித்துப்போட்டுக் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது. கன்னி பார்த்துவிடும். பார்த்தால் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சோறு இறங்காது, உடம்பு உருகும், பேச்சு குறையும். தங்கை சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே கம்பளி அலசினாளாம். அவருக்கு அது போதும்.

நான் போனபோது ஏழு கல்லுக்கும் மஞ்சள் பூசி, ஏழு இலை போட்டு, ஏழிலும் காதோலை, கருகமணி, வளையல், பூ எல்லாம் வைத்திருந்தார்கள். மழை சாரலாக அடித்துக்கொண்டிருந்தது. தங்கை ஒரு பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு கல்லுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கழுத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கோழிமுட்டை கோழிமுட்டையாகப் புடைத்திருந்தது. இப்போதே கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். தங்கை வீட்டுக்காரர், ஏனுங்க அக்கா, ரெண்டு நாள் பூஜை, பாதியில் எழுந்தால் ஆகாது, முடித்துவிட்டுக் கூட்டிப்போகலாம் என்று கெஞ்சினார். லயத்து ஜனம் எல்லாம் நிற்கும்போது, நீதான் என் தங்கச்சியைக் கொல்கிறாய் என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் பூஜையை நிறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர் வயதானவர், பேச்சில் அவசரம் கிடையாது. தங்கையின் கழுத்தையும் அக்குளையும் விரலால் நிதானமாகத் தடவிப் பார்த்தார். இது எப்போதாவது வலித்ததா என்று கேட்டார். ஒரு நாளும் வலிக்கவில்லை என்றாள். வலிக்காததற்குத்தான் பயப்பட வேண்டும் என்றார் டாக்டர். எத்தனை நாளாக இருக்கிறது, ஏன் அப்போதே வரவில்லை என்றும் கேட்டார்.

"நெறின்னு நெனச்சோமுங்க" என்றாள் தங்கை.

நெனச்சேன் என்று சொல்லவில்லை, அக்கா சொன்னாள் என்றும் சொல்லவில்லை. நெனச்சோம் என்றாள். அந்த மனிதனின் இரண்டு நாள் பூஜைக்கு நான் ஊரைக் கூட்டிக் கத்தினேன். மூன்று மாதத் தாமதம் என்னுடையது. அவர் பக்கத்தில்தான் நின்றார், நாளைக் கூட்டிப் பார்க்க அவருக்குத் தெரியாதா என்ன. ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டியை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட்டில் லிம்ஃபோமா என்று இருந்தது. அப்படி என்றால் என்ன என்று தங்கை கேட்டாள். நிணநீர்ப் புற்று என்றேன், எங்கள் பாடப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். நிணநீர் என்றால் என்ன என்று கேட்டாள். எனக்கு அந்தச் சொல்லின்மேல் எப்போதுமே கோபம். நிணம் என்றால் கொழுப்பு. பழைய பாட்டுகளில் போர்க்களத்தில் பேய்கள் நிணம் தின்னும், நிணத்தை மாலையாகப் போட்டுக்கொள்ளும். அதை எடுத்துக் கண்ணீர் போலத் தெளிந்து உடம்பில் ஓடுகிற ஒன்றுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். தங்கையிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. ரத்தம் மாதிரி, ஆனால் நிறமில்லாத தண்ணீர் என்று சொல்லி முடித்துவிட்டேன்.

ஆனால் சொல் என்னை விடவில்லை. அவளுக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் லிம்ஃப் என்ற சொல்லைத் தோண்டிக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் அங்கே ஜெபம் செய்தார்கள், ஸ்லோகம் சொன்னார்கள். நான் அகராதி படித்தேன்.

பழைய ரோமாபுரிக்காரர்கள் தெளிந்த தண்ணீரை லிம்ஃபா என்றார்களாம். கிரேக்கர்களுக்கு ஊற்றிலும் ஓடையிலும் மலையிலும் குடியிருக்கிற கன்னித் தெய்வங்கள் உண்டு. அவற்றின் பெயர் நிம்ஃப். புதுப்பெண்ணுக்கும் அவர்களிடம் அதே சொல்தான். இந்த நிம்ஃப்பின் முதல் எழுத்துத் திரிந்து லிம்ஃப் ஆனது என்கிறார்கள். வேறு சொல் ஒன்று இருந்தது, அது கன்னியின் பெயரோடு ஒட்டி உருமாறியது என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும் கன்னி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறாள். தண்ணீரில் அவளைப் பார்த்துவிட்டவனுக்குப் புத்தி பேதலித்துவிடும். கன்னி பிடித்தவன் என்று கிரேக்கர்கள் அவனுக்குப் பெயரே வைத்திருந்தார்கள். ரோமாபுரியில் பித்துப் பிடித்தவனைக் குறிக்கிற சொல்லும் இந்தத் தண்ணீர்ச் சொல்லிலிருந்து வந்ததுதான். பிறகு இங்கிலீஷ்காரர்கள் ஊற்றுத் தண்ணீரை அழகாகச் சொல்ல அதை வைத்துக்கொண்டார்கள். அதற்கும் பிறகு டாக்டர்கள் வந்து, உடம்புக்குள் ஓடும் நிறமற்ற நீருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அந்த நீர் அதிகமானவன் சோம்பேறி என்று நினைத்து, மந்தமான ஆளையும் அதே சொல்லால் திட்டியிருக்கிறார்கள். அம்மை குத்துகிற பாலுக்குக்கூட ஒரு காலத்தில் அதுதான் பெயர்.

நம்மிடம் இதற்குப் பக்கத்தில் வைக்க அணங்கு இருக்கிறது. பழைய தமிழில் மலையிலும் சுனையிலும் இருந்து ஆளைப் பிடிக்கிற பெண் தெய்வம் அணங்கு. அவள் கொடுக்கிற நோயும் அணங்கு, வருத்தமும் அணங்கு, பயமும் அணங்கு. சாகடிப்பதுகூட அணங்குதான். கடைசியில் பயமெல்லாம் தேய்ந்து போய் அழகான பெண் என்ற அர்த்தம் மட்டும் மிச்சம். இப்போது துணிக்கடைக்குப் பெயர் வைக்கிறார்கள்.

இதையெல்லாம் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது. சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே தங்கை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், நான் வெளியே சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தங்கை வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வராமல் இருந்தேன். இது கிடைத்ததும் இதையே மன்னிப்பாகக் கொடுத்தேன். நோயின் பெயருக்குள்ளேயே தண்ணீர்க் கன்னி இருக்கிறாள் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். அதைத்தான் நானும் சொன்னேன், நீங்கள் சண்டைக்கு வந்தீர்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த மனிதருக்குக் கோபம் வராது, அதுதான் என்னைக் கொன்றது.

தை, மாசி வாக்கில் கட்டிகள் கரைந்தன. பங்குனியில் மருந்தை நிறுத்தினார்கள். தலையில் முடி கொஞ்சம் முளைத்தது. மேலே லயத்துக்குத் திரும்பிப் போனாள். நாலு மாதம்தான். ஆவணியில் இடுப்பில் வலி என்றாள், வயிறு வீங்கியது, மறுபடி கோயம்புத்தூர் போனோம். அவளை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, இனி எந்த மருந்தும் புடிக்காதுங்க. ஈரல்ல எல்லாம் பரவிருச்சு. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. பாக்கோணும்ங்கிறவங்கள வரச் சொல்லிருங்க. வலிக்கு மட்டும் மாத்திரை தர்றேன்."

அவளுக்குப் புரிகிற மாதிரி நீங்களே சொல்லிவிடுங்கள், உங்களுக்குத்தான் சொல்லத் தெரியும் என்றும் சொன்னார். எல்லோரும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தார்கள்.

மேலே வருகிற பஸ்ஸில், பர்லியாறு தாண்டியதும், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வந்தது லிம்ஃப். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று ஆரம்பித்தேன். ஓடை, கன்னி, புதுப்பெண், ரோமாபுரி, அணங்கு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு அர்த்தம் சொன்னேன். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்து, அக்கா பாடம் நடத்துகிறாளே என்ற அந்தப் பழைய மரியாதையோடு கேட்டாள். அப்ப கன்னிதான் என்றாள். ஆமாம் என்றேன். பிறகு, மருந்தை மாற்றியிருக்கிறார்கள், வீட்டிலிருந்தே சாப்பிட்டால் போதும் என்று ஒரு பொய்யும் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. வீட்டுக்குப் போகிற சந்தோஷம்.

மறுநாள் மகன் மஸ்கட்டிலிருந்து போன் செய்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். லீவு போட்டு வரட்டுமா என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது. இவள் மறுத்தாள். மருந்து மாத்தியாச்சு, வருஷத்துக்கு ஒரு லீவு, அதை இப்போது வீணாக்காதே, பொங்கலுக்கு வந்தால் போதும் என்றாள். போனை வாங்கி, இல்லையடா, வா என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நான் ரசத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்காரரிடம் மட்டும் நிஜத்தைச் சொன்னேன். அவளிடம் சொல்ல வேண்டாம், சமயம் பார்த்து நான் சொல்கிறேன் என்றேன். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் வாயை மூடிக்கொண்டார்.

சனி, ஞாயிறு பஸ் பிடித்துப் போவேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஊட்டி பஸ் ஸ்டாண்டில் முடிவு செய்வேன். எஸ்டேட் கேட்டில் இறங்கும்போது முடிவு கலைந்திருக்கும். ஐந்து வாரம் இப்படிப் போனது.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு. மஞ்சள் பாய்ந்து கண்ணெல்லாம் பூசணிப்பூ மாதிரி இருந்தது அவளுக்கு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தேத்தண்ணி வேண்டும் என்றாள். கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒரு மாசமா இந்த மனுசன் எங்கூடச் சண்டை போடலக்கா. நான் என்ன சொன்னாலும் செரிங்கிறாரு. இருபத்தஞ்சு வருசத்துல அப்படி இருந்ததே இல்ல."

நான் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அன்னைக்கு பஸ்ஸுல அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்ன. டாக்டரு என்ன சொன்னாருன்னு நான் கேட்டேன். அதச் சொல்லல நீயி."

சொன்னேன். ஒரு சொல்லைக்கூட அலங்கரிக்காமல், டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஈரல் என்றேன், மருந்து பிடிக்காது என்றேன், வரவேண்டியவர்களை வரச்சொல்லச் சொன்னார் என்றேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வாழ்க்கையில் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.

அவள் அழவில்லை. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பொங்கலுக்கு வந்தாப் போதும்னு சொல்லிட்டேனே" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். போனைக் கொண்டுவா என்றாள். அவன் எடுக்கவில்லை, வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருப்பான். சாயங்காலம் அவனே கூப்பிட்டபோது நான் பேசினேன், எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து வாரத்துக்கு முன்பே அம்மா பிழைக்காது என்று தெரியுமா பெரியம்மா என்று கேட்டான். தெரியும் என்றேன். டிக்கெட் பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டான்.

அவன் பாஸ்போர்ட் கம்பெனிக்காரர்களிடம் இருந்தது. மாற்று ஆள் வர வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், டிக்கெட் கிடைக்க வேண்டும். ஒன்பது நாள் ஆனது. முதல் மூன்று நாள் அவள் வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஜீப் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவாள். நாலாம் நாள் பேச்சு குழற ஆரம்பித்தது. ஈரல் கெட்டால் மூளை மங்கும் என்று எஸ்டேட் நர்ஸ் சொன்னார்கள். என்னை ஒருநாள் கங்காணி என்று நினைத்து, கூடை நிறைந்துவிட்டது, நிறுக்கச் சொல்லுங்கள் என்றாள்.

ஒன்பதாம் நாள் காலையில் பெட்டியோடு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அம்மா என்றான். அவள் கண்ணைத் திறந்து அவனை நன்றாகப் பார்த்தாள். பிறகு, வெளியாட்களிடம் பேசும்போது மட்டும் வருகிற அந்த மரியாதையோடு, தலையைச் சற்று நிமிர்த்திக்கொண்டு கேட்டாள்.

"யாருங்க? எந்த ஊருங்க நீங்க?"

அவன் தன் பெயரைச் சொன்னான். அவள் அதற்கும் மரியாதையாகத் தலையாட்டினாள். பிறகு அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.